பாட்டுப் போட்டியும் மலைநாட்டு அரசியலும்

2007ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், சோனி தொலைக்காட்சி நடத்திவந்த ‘இந்தியன் ஐடல்’ என்னும் பாட்டுப் போட்டியின் மூன்றாவது சீசன் நிறைவெய்தியபோது, கொல்கத்தா காவல்துறையில் சாதாரணக் கான்ஸ்டபிளாக உத்தியோகம் பார்த்துவந்த பிரசாந்த் தமாங் என்ற டார்ஜிலிங் இளைஞர், ஏறத்தாழ ஏழு கோடி வாக்குகள் பெற்று வெற்றியடைந்தார் என்று சொல்லப்பட்டது. அவருடைய சொந்த மாவட்டத்தின் ஜனத்தொகையோ, 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 16 லட்சத்தை ஒட்டியதுதான். சிக்கிமிலும் அஸ்ஸாமிலும் பிற மாநிலங்களிலும் பரவியிருந்தோரைச் சேர்த்துக்கொண்டாலுங்கூட, நேபாளியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இந்தியா முழுவதிலும் அந்நாளில் 30 லட்சத்தை எட்டவில்லை. ஆகவே, ஆளுக்கொரு வாக்காக இத்தொகை திரண்டிராது என்பது வெளிப்படை. ஆயிரக்கணக்கானோர் கைப்பொருளைச் செலவிட்டு, மீண்டும் மீண்டும், இரவு முழுதும் அழுத்திய பொத்தான்களின் கூட்டுத்தொகை அது. ஒரு பாடகரின் வெற்றிக்காக ஒரு சமுதாயம் தன் உழைப்பின் ஊதியத்தை இவ்வாறு கரைத்ததன் காரணம் என்னவென்று ஆராயப் புகுந்தால், ரியாலிட்டி நிகழ்ச்சிகளின் பண்பாட்டு விளைவு குறித்து நாம் வழக்கமாகப் பேசும் பேச்சு போதாமற் போகிறது.

அந்த வழக்கமான பேச்சை யாவரும் அறிவர். பிறர் வீட்டு அந்தரங்கத்தை எட்டிப்பார்க்கும் இழிசுவை, தூண்டிவிட்டு வரவழைக்கும் கண்ணீர், பச்சிளம் பிள்ளைகளையும் பந்தயக் குதிரைகளாக்கும் மனோபாவம், இவை அனைத்துக்கும் பின்னால் நின்று லாபம் எண்ணும் விளம்பரதாரர் என்றெல்லாம் அடுக்கப்படும் குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை உண்மையே. எனினும், அவையாவும் திரையில் தோன்றுவதைப் பற்றியவை. திரைக்கு இப்பால், அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களிடையே என்ன நிகழ்ந்தது என்பதை அவை தொடுவதேயில்லை. இவ்வகை நிகழ்ச்சி பார்வையாளனின் கையில் ஒரு வாக்கைக் கொடுத்தது. பொதுவாழ்வில் தன் குரலுக்கு மதிப்பில்லை என்று நெடுங்காலம் உணர்ந்துவந்த ஜனங்களிடம் அவ்வாக்கு போய்ச் சேர்ந்தபோது, அது பொழுதுபோக்கின் எல்லையைக் கடந்து கௌரவத்தை நிலைநாட்டும் ஆயுதமாயிற்று. அவ்வாறு திரண்ட சக்தி எத்திசையில் பாய்ந்தது என்பதையோ தொலைக்காட்சி தீர்மானிக்கவில்லை, அந்தந்த மண்ணின் சரித்திரமே தீர்மானித்தது. இம்மூன்று செய்திகளையும் ஒருங்கே காட்டவல்லதாக, மேற்சொன்ன இறுதிப் போட்டியில் மோதிய இருவரின் இரு நகரங்கள் அமைந்துள்ளன: பிரசாந்த் தமாங்கின் டார்ஜிலிங், அவரிடம் தோற்ற அமித் பாலின் ஷில்லாங்.

வாக்கு விலைப்பொருளான விதம்

சாமானியரை மேடையேற்றி, அவர்களுள் ஒருவரைச் சபையோரே தேர்ந்தெடுக்கும் வழக்கம் புதியதன்று. 1945இல் அமெரிக்க வானொலியில் தோன்றி, 1956 முதல் 1964 வரை தொலைக்காட்சியிலும் புகழோடு நடந்த ‘குவீன் ஃபார் எ டே’ என்னும் நிகழ்ச்சியில், வறுமையாலும் நோயாலும் வாடிய பெண்கள் தத்தம் துயரத்தை எடுத்துச் சொல்ல, எவருக்கு அதிகக் கைத்தட்டல் எழுந்தது என்பதை ஒரு கருவி அளந்து சொல்ல, அவர் அன்றைக்கு அரசியாக முடிசூட்டப்பட்டுப் பரிசுகள் பெற்றார். ஆயினும் அங்கே தீர்ப்பளித்தவர்கள் அரங்கத்தில் அமர்ந்திருந்த சிலரே. வீட்டிலிருந்தவர்களின் தீர்ப்பை நாடளாவிய சடங்காகவும் பெரும் வியாபாரமாகவும் ஆக்கிய பெருமை, 2001இல் பிரிட்டனில் தொடங்கிய ‘பாப் ஐடல்’ நிகழ்ச்சிக்கே உரியது. 2002 பிப்ரவரியில் நடந்த அதன் முதல் இறுதிப் போட்டியில் 87 லட்சம் தொலைபேசி வாக்குகள் பதிவாயின. அதே அச்சில் வார்க்கப்பட்டு 2004இல் இந்தியாவுக்கு வந்ததுதான் ‘இந்தியன் ஐடல்’.

அது வந்த சமயமும் கவனிக்கத்தக்கது. கைப்பேசி செல்வர்களின் ஆடம்பரமாயிருந்த நிலை மாறி, சிறு நகரங்களுக்கும் மலைக்கிராமங்களுக்கும் பரவத் தொடங்கிய ஆண்டுகள் அவை. ஒரு குறுஞ்செய்திக்குச் சாதாரணக் கட்டணத்தைவிடக் கூடுதலாக வசூலித்து, அவ்வருவாயைத் தொலைபேசிக் கம்பெனியும் தொலைக்காட்சியும் இடைத்தரகரும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அப்போதே உருவாகிவிட்டது. இதன் அளவை அறிய, 2007இன் முற்பகுதியில் ஒளிபரப்பான ‘கௌன் பனேகா க்ரோர்பதி’யோடு இணைந்து நடந்த நேயர் போட்டி பற்றிய வழக்கு உதவுகிறது. அப்போட்டிக்கு ஏறத்தாழ 5.8 கோடிக் குறுஞ்செய்திகள், ஒன்றுக்கு 2 ரூபாய் 40 காசு வீதம், அனுப்பப்பட்டன. பரிசு இலவசம்போலத் தோன்றினாலும் அதற்கான பணம் நேயர்களிடமிருந்தே திரட்டப்பட்டது என்று கருதிய தேசிய நுகர்வோர் ஆணையம், 2008இல் ஒளிபரப்பாளர்மீதும் தொலைபேசிக் கம்பெனிமீதும் ஒரு கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. போதிய ஆதாரம் இல்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் பின்னர் அவ்வுத்தரவை நீக்கிவிட்டது. தீர்ப்பு எவ்வாறாயினும், ஏறக்குறைய 14 கோடி ரூபாய் நாலணா எட்டணாவாகச் சேர்ந்து புரண்ட அந்தக் கணக்கு நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. ஜனநாயகத்தில் கோடீசுவரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். தொலைக்காட்சியின் தேர்தலிலோ, எவன் எத்தனை முறை விலை கொடுக்கிறானோ அத்தனை வாக்கு.

இந்த ஏற்பாடு, அதை உண்டாக்கியவர்களே எதிர்பாராத ஒரு காரியத்தைச் செய்தது. தொகையில் குறைந்தவர்கள், மனம் ஒன்றிப் பணம் திரட்டினால், தொகையில் மிகுந்தவர்களை வெல்ல முடியும் என்ற நிலை ஏற்பட்டது. 2003இல்தான் கைப்பேசியே வந்துசேர்ந்த காஷ்மீரத்திலிருந்து, 2005இல் ‘ஃபேம் குருகுல்’ போட்டிக்கு வந்த காஜி தௌகீர், நடுவர்களின் கடுமையான அதிருப்தியையும் மீறி வென்றார். அஸ்ஸாமின் சில்சாரிலிருந்து வந்த தேபோஜித் சாஹா, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஜீ தொலைக்காட்சியின் ‘ஸ ரி க ம ப’ போட்டியில் வாகை சூடினார். பம்பாயின் திரையுலகமும் டெல்லியின் பத்திரிகையுலகமும் இவற்றைப் பிராந்திய வெறி என்று முகஞ்சுளித்தன. வரைபடத்தின் ஓரத்தில் கிடந்தவர்கள் நடுவிடத்தை நோக்கித் தம் இருப்பை அறிவித்துக்கொண்டார்கள் என்று கொள்வதே பொருந்தும். அந்த அறிவிப்பின் உச்சந்தான் 2007.

டார்ஜிலிங்: கௌரவத்தின் அரசியல்

இரவில் விசிலூதிக்கொண்டும் தடியால் தரையைத் தட்டிக்கொண்டும் தெருத்தெருவாகச் சுற்றிவந்து, மாதத் தொடக்கத்தில் வாசலில் நின்று சல்யூட் அடித்துச் சில ரூபாய் பெற்றுக்கொண்டு போகும் கூர்க்காவைத் தமிழ்நாட்டின் நகரங்களில் வளர்ந்தவர் எவரும் மறந்திரார். அவர் பெயர் என்ன, ஊர் எது, இந்தியரா நேபாளத்தவரா என்று நாம் விசாரித்ததில்லை. இந்த அலட்சியம் நாடெங்கும் உள்ளது. ஹிந்தித் திரைப்படங்கள் பல ஆண்டுகளாக நேபாளி பேசும் இம்மக்களைக் காவற்காரராகவும் பரிகாசப் பாத்திரமாகவுமே காட்டிவந்தன. இந்தியக் குடிகளாகவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, ராணுவத்தில் உயிர் கொடுத்தும், அயல்நாட்டாராகவே கருதப்படுகிறோம் என்னும் மனத்தாங்கல் டார்ஜிலிங் மலையில் ஆழ வேரூன்றியிருந்தது.

அதன் அரசியல் சரித்திரமும் நீண்டது. தனி நிர்வாக அமைப்பு வேண்டும் என்ற விண்ணப்பம் 1907 முதலே எழுந்துவந்தது. 1980களில் சுபாஷ் கீசிங் தலைமையில் கூர்க்காலாந்து என்னும் தனி மாநிலம் கோரி மூண்ட கிளர்ச்சி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டு, 1988இல் டார்ஜிலிங் கூர்க்கா மலை மன்றம் என்ற வரம்புபட்ட தன்னாட்சி அமைப்போடு ஓய்ந்தது. நேபாளி மொழி 1992இல் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. ஆனால் மலை மன்றத்துக்கு 1999இல் நடந்த தேர்தலே கடைசித் தேர்தல். அதன் பதவிக்காலம் 2004இல் முடிந்த பின்னரும் தேர்தல் வைக்கப்படாமல் கீசிங்கின் கையிலேயே நிர்வாகம் தொடர்ந்தது. 2005இன் இறுதியில் அவர், பழங்குடிப் பகுதிகளின் தன்னாட்சிக்காக அரசியலமைப்பில் வகுக்கப்பட்ட ஆறாம் அட்டவணை அந்தஸ்துக்கு உடன்பட்டபோது, தனி மாநிலக் கோரிக்கையைக் கைகழுவிவிட்டார் என்று பலர் மனம் புழுங்கினர். புழுக்கத்தை வெளியிட வாக்குச்சீட்டோ அவர்களிடம் இல்லை.

இவ்வேளையில்தான் தொலைக்காட்சி அவர்களுக்கு ஒரு வாக்கை நீட்டியது. தந்தை இறந்தபின் படிப்பை விட்டு, அவருடைய இடத்திலேயே காவல்துறையில் சேர்ந்து, காவலர் இசைக்குழுவில் பாடிவந்த பிரசாந்த், முறையான சங்கீதப் பயிற்சி பெற்றவரல்லர். நடுவர்கள் குறை சொன்னார்கள், ஜனங்கள் விடவில்லை. டார்ஜிலிங்கிலும் காலிம்போங்கிலும் குர்சியோங்கிலும் அவர் பெயரால் ரசிகர் மன்றங்கள் தோன்றின. கடைவீதிகளில் இலவசத் தொலைபேசிச் சாவடிகள் வைக்கப்பட்டன. வாக்களிக்கும் நேரம் தொடங்கியதும் இளைஞரும் பெண்களும் வரிசை கட்டி, ஓர் இணைப்பு கிடைத்து முடிந்தவுடனே மறுபடி எண்ணைச் சுழற்றி, விடியும்வரை அங்கேயே நின்றனர். தோட்டத் தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளும் சந்தா கொடுத்தனர். சிக்கிம் முதலமைச்சர் பவன் சாம்லிங் ஆதரவளித்தார். மலையின் முடிசூடா மன்னராயிருந்த கீசிங்கோ இதனைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய அணுக்கத் தளபதியும் மலை மன்ற உறுப்பினருமான பிமல் குருங் ஜனங்களின் நாடியை அறிந்து, வாக்குச் சேகரிப்புக்கும் நிதி திரட்டலுக்கும் தாமே முன்னின்றார்.

வெற்றி வந்த இரண்டொரு நாளில், டெல்லியின் தனியார் பண்பலை வானொலி அறிவிப்பாளர் ஒருவர், கூர்க்காக்கள் பாட்டுப் பாட வந்துவிட்டால் இரவில் நம் வீடுகளையும் கடைகளையும் யார் காவல் காப்பது என்ற கருத்துப்பட வேடிக்கையாகப் பேசினார். எந்த அவமதிப்பைத் துடைப்பதற்காக அத்தனை இரவுகள் விழித்தார்களோ, அதே அவமதிப்பு வெற்றி விழாவின் நடுவே மீண்டும் வந்து நின்றது. செப்டம்பர் 28ஆம் நாள் சிலிகுரி நகரில் இதைக் கண்டித்து நடந்த ஊர்வலம், உள்ளூரில் பிறரோடு கைகலப்பாக முற்றி, ஊரடங்கு உத்தரவு பிறப்பித்து ராணுவத்தை வரவழைக்கும் அளவுக்குப் போயிற்று. அடுத்த பத்து நாட்களுக்குள், அக்டோபர் 7ஆம் நாள், பிமல் குருங் கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா என்னும் புதிய கட்சியைத் தொடங்கினார். தெருத்தெருவாக வாக்குச் சேகரித்துப் பழகிய தொண்டர்களும், வீடுதோறும் நிதி திரட்டிப் பழகிய கைகளும், மன்றங்களின் மூலம் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட கிராமங்களும் அக்கட்சிக்குத் தயாராகக் காத்திருந்தன. 2008 மார்ச்சில் கீசிங் பதவி விலகினார். இருபது ஆண்டு ஏகபோகம் ஆறே மாதத்தில் சரிந்தது.

ரசிகர் மன்றம் கட்சிக் கிளையாக மாறும் வித்தையைத் தமிழர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. தமிழ்நாட்டில் மன்றங்களின் பலத்தால் நட்சத்திரமே தலைவரானார். டார்ஜிலிங்கில் நட்சத்திரத்துக்காக மன்றங்களைக் கட்டியவர் தலைவரானார். பிரசாந்த் பாடகராகவும், 2010இல் வெளிவந்த ‘கோர்க்கா பல்டன்’ முதலிய நேபாளித் திரைப்படங்களில் நடிகராகவும் தம் வழியே சென்றார். ரியாலிட்டி நிகழ்ச்சி உண்டாக்கும் நட்சத்திரத்தின் சுபாவமே அதுதான். அவர்மீது ஜனங்கள் கொண்ட அபிமானம், அவரிடத்தில் தங்களைக் கண்டதால் எழுந்தது; தங்களைக் கண்டுகொண்ட பின்பு அவர் அவர்களுக்கு இன்றியமையாதவராக இருக்கவில்லை.

ஷில்லாங்: இடைக்காலச் சமாதானம்

அமித் பால் பிறந்த ஷில்லாங், ஒருகாலத்தில் அஸ்ஸாமின் தலைநகரமாக விளங்கி, 1972இல் மேகாலயா தனி மாநிலமானபோது அதன் தலைநகரமாயிற்று. சொந்த மண்ணில் தாங்களே சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற காசிப் பழங்குடியினரின் நியாயமான அச்சமும், பல தலைமுறைகளாக அந்நகரத்தையே வீடாகக் கொண்டும் அந்நியர் என்ற முத்திரை நீங்காத வங்காளியர், நேபாளியர் முதலியோரின் வேதனையும் ஒன்றோடொன்று மோதி, 1979இலும் 1987இலும் 1992இலும் கலவரங்களாக வெடித்தன. அமித் பால் பழங்குடி மரபினர் அல்லர். நகரத்துச் சச்சரவில் ‘வெளியார்’ பக்கம் நிறுத்தப்பட்ட சமுதாயத்தைச் சேர்ந்தவர்.

ஆகவே, அவருக்காகக் காசி இளைஞர்கள் கொடியும் பதாகையும் ஏந்தி வீதிக்கு வந்தது சிறிய நிகழ்ச்சியன்று. கலவர நாட்களில் ஒருவருக்கொருவர் அஞ்சிக் கதவடைத்துக்கொண்ட குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள் ஒரே சாவடியில் நின்று ஒரே பெயருக்கு வாக்களித்தனர். மாநில அரசு அவரைச் சமாதானத்துக்கும் சமூக நல்லிணக்கத்துக்குமான தூதராக அறிவித்தது. தோற்றுத் திரும்பியவரை நகரம் வென்றவரைப்போல வரவேற்றது. இந்நிகழ்ச்சிகளையே பொருளாகக் கொண்டு 2010இல் ஆய்வுக் கட்டுரை எழுதிய ஊடகத்துறை அறிஞர் அஸ்வின் புனதம்பேக்கர், இத்தகைய கூடுகைகளை நிலையான அரசியல் பலன் என்னும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது என்றும், அன்றாட வாழ்வில் எல்லைகளைக் கடந்து பழகும் சந்தர்ப்பத்தை அவை ஏற்படுத்தியதே கருதத்தக்கது என்றும் வாதிட்டார்.

அவ்வாதத்தில் நியாயமுண்டு, வரம்பும் உண்டு. வெளியாரின் வருகையைக் கட்டுப்படுத்தும் அனுமதி முறையை வேண்டி 2013இல் நடந்த கிளர்ச்சியில் மீண்டும் வன்முறை தலைகாட்டியது. 2018இல், நகரத்தின் பஞ்சாபித் தெருவில் பேருந்துத் தொழிலாளியோடு மூண்ட சிறு சச்சரவு பெருங்கலகமாகி, ஊரடங்கில் முடிந்தது. நிலம், வேலை, குடியுரிமை ஆகியவை பற்றிய வழக்குகளை ஒரு பாட்டுப் போட்டி தீர்த்துவைக்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது. சில மாதங்களுக்கு அவ்வழக்குகளை ஒதுக்கிவைக்க ஜனங்களுக்கு மனமிருந்தது என்பதை மட்டும் அது வெளிப்படுத்தியது. அம்மனத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் பொறுப்பு அரசியலுக்குரியது. பட்டம் சூட்டியதோடு அரசியல் நின்றுவிட்டது.

கலை எங்கே போயிற்று?

இரு நகரங்களையும் ஒப்பிடுகையில், ஒரே நிகழ்ச்சி, ஒரே வாரம், ஒரே கட்டணம். ஓரிடத்தில் கிளர்ச்சியும் மற்றோரிடத்தில் இணக்கமும் விளைந்தன. ஆகவே, தொலைக்காட்சியே சமுதாயத்தைக் கெடுத்தது என்போரும், தொலைக்காட்சியே சாமானியரை உயர்த்தியது என்போரும் அதற்கு இல்லாத வல்லமையை அதன்மீது ஏற்றிச் சொல்கிறார்கள் என்றே தோன்றுகிறது. டார்ஜிலிங்கில் தேர்தலற்ற ஒரு மன்றமும் கைவிடப்பட்ட ஒரு கோரிக்கையும் முன்னமே இருந்தன. ஷில்லாங்கில் சண்டையிட்டுச் சலித்த ஒரு தலைமுறை இருந்தது. நிகழ்ச்சி இருவர்க்கும் அளித்தது, ஒன்றுகூடுவதற்கான முகாந்தரமும், கூடியவர்களின் பலத்தை எண்ணிக் காட்டும் ஓர் எண்ணும்.

இதில் இழப்பு இல்லாமலில்லை. வாக்கு, பாட்டை விட்டுப் பாடுபவரின் ஊரையும் மொழியையும் பார்க்கத் தொடங்கிய அளவில், நன்றாகப் பாடுவது என்பது போட்டியின் பல அளவுகோல்களுள் ஒன்றாகச் சுருங்கிற்று. வித்வத் சபை தன் அதிகாரத்தை இழந்ததற்காக முழுதும் வருந்த வேண்டியதில்லை. அச்சபையும் குலம், குரு பரம்பரை, தலைநகர வாசம் ஆகியவற்றைப் பார்த்தே பலகாலம் வாசல் திறந்தது. விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ மேடையில் நாட்டுப்புறப் பாடல்களையே பாடிவந்த செந்தில் கணேஷ் 2018இல் வென்றதையும், 2015இல் சிறுவர் பிரிவின் இறுதிப் போட்டியில் கனடாவிலிருந்து வந்த ஈழத்துச் சிறுமி ஒருத்திக்குப் புலம்பெயர்ந்த தமிழர்கள் இணையவழி வாக்குகளைக் குவித்ததையும் இவ்வரிசையிலேயே வைத்து எண்ணவேண்டும். முன்னதில் சங்கீத மேடை நெடுநாள் ஒதுக்கிய ஒரு கலைமரபும், பின்னதில் நாடிழந்த ஒரு ஜனத்தின் துக்கமும் தம்மைக் காட்டிக்கொண்டன. ஆயினும், ஒரு சமுதாயத்தின் மானத்தைச் சுமக்கும் பாரம் பாடவந்த இளைஞரின் தோளிலும், சிறுவர் போட்டிகளில் பத்து வயதுப் பிள்ளையின் தோளிலும் ஏற்றப்படுவது கொடுமை என்பதில் ஐயமில்லை. தோற்றால் தோற்றது தான் மட்டுமல்ல என்று அறிந்துகொண்டு பாடும் குழந்தைக்கு, பாட்டு விளையாட்டாக இருக்க முடியாது.

தொலைக்காட்சி நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. பிராந்திய அபிமானம் வாக்கைப் பெருக்குகிறது, வாக்கு வருவாயைப் பெருக்குகிறது என்று கண்ட பின்னர், போட்டியாளரின் ஊருக்குக் கேமராவோடு சென்று, தாயையும் தெருவையும் திரண்ட கூட்டத்தையும் படம்பிடித்துக் காட்டுவது இவ்வகை நிகழ்ச்சிகளின் நிரந்தர அங்கமாயிற்று. ஜனங்களின் உணர்ச்சியை இவ்வாறு வேண்டுமென்றே கிளறிவிட்டவர்கள், சிலிகுரியில் கல்லெறி நடந்தபோது அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லாதவர்கள் ஆனார்கள். சட்டப்படி அவர்கள்மீது குற்றமில்லை. ஆனால் வாக்கு வாங்கும் எந்த ஸ்தாபனமும் வாக்களித்தவர்களுக்குப் பின்னர் ஏதேனும் ஒரு வகையில் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதே ஜனநாயகத்தின் ஆதாரம். தொலைக்காட்சித் தேர்தலில் வாக்குக்கு ரசீதும் இல்லை, எண்ணிக்கையைச் சரிபார்க்கும் உரிமையும் இல்லை, தேர்தல் முடிந்தபின் முறையிட ஒரு வாசலும் இல்லை.

கூர்க்காலாந்துக் கோரிக்கை 2011இல் புதியதொரு பிராந்திய நிர்வாக அமைப்பைப் பெற்றுத் தற்காலிகமாக அடங்கி, 2017இல் நூறு நாட்களுக்கு மேல் நீடித்த கடையடைப்பாக மீண்டும் எழுந்தது. தனி மாநிலம் அமையவில்லை. தொலைக்காட்சியோ அடுத்த சீசனுக்குப் புதிய முகங்களைத் தேடிக்கொண்டு போய்விட்டது. இந்த வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க அளவுகோல் ஒன்றுண்டு. ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சிக்காக ஏதேனும் ஓர் ஊரின் ஜனங்கள் தங்கள் சக்திக்கு மீறிச் செலவழிக்கக் கண்டால், அவர்களுடைய ரசனையைப் பழிக்கும் முன்பு, அந்த ஊரின் தேர்தல் எப்போது நடந்தது, அவர்களுடைய மொழி பள்ளியிலும் அலுவலகத்திலும் என்ன மரியாதை பெறுகிறது, நாட்டின் மற்றப் பகுதியினர் அவர்களை எந்த வேலைக்காரராக மட்டுமே அறிந்திருக்கிறார்கள் என்பவற்றை விசாரிக்கவேண்டும். அரசும் பள்ளியும் பத்திரிகையும் கொடுக்கத் தவறிய மதிப்பைத்தான் அவர்கள் குறுஞ்செய்திக் கட்டணம் கட்டி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி வாங்கியது ஒரு சீசனுக்குமேல் நிலைக்காதென்றால், குறையைத் தேடவேண்டிய இடம் அவர்களுடைய ரசனையன்று.